இரண்டு விடியல் பார்த்த பயணம்



பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள் என்றால் வீட்டுப் பெரியவர்கள் கேட்பது, “எத்தனை மணி நேரம் உட்கார்ந்து வரணும்?” என்பதைத்தான். எத்தனை கிலோமீட்டர் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டும் பயனில்லை. தூரம் மாறாது, நேரம்தான் காற்றுக்கும் போருக்கும் தக்கபடி மாறிக்கொண்டே இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து லண்டனுக்கு 2018 மார்ச்சில் குவாண்டாஸ் விமானம் எங்கும் இறங்காமல் பறக்கத் தொடங்கியது. ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். 17 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். இதே பெர்த்திலிருந்து இலங்கைக்கு வரவே ஒரு காலத்தில் இதைவிட அதிக நேரம் ஆனது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்ததும், ஆஸ்திரேலியா - இங்கிலாந்து வான்வழி நடுவில் அறுந்தது. மறு ஆண்டே ஒரு துணிச்சலான மாற்றுவழி கண்டார்கள். பெர்த்தின் ஸ்வான் ஆற்றிலிருந்து கிளம்பும் காட்டலினா கடல் விமானம், இலங்கையின் காலிக்கு அருகே உள்ள கொக்கலை ஏரியில் வந்து இறங்கும். இடையில் 5,600 கிலோமீட்டர் இந்தியப் பெருங்கடல். மெதுவாகப் பறக்கும் விமானம் என்பதால் 27 முதல் 32 மணி நேரம் ஆகும். தொட்டிகளில் அவ்வளவு எரிபொருள் ஏற்ற வேண்டியிருந்ததால், பயணிகள் மூன்று பேருக்குமேல் இடமில்லை. மீதி அவசரத் தபால். எதிரிக்குக் கேட்டுவிடும் என்று ரேடியோவில் வாய் திறக்க மாட்டார்கள். நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டார்கள். விமானங்களுக்கும் ரிகெல், வேகா என்று நட்சத்திரப் பெயர்களையே வைத்தார்கள். ஒரே பயணத்தில் சூரியன் இருமுறை உதிப்பதைப் பார்த்த பயணிகளுக்கு ‘இரட்டை விடியல்’ சான்றிதழும் உண்டு!

கொக்கலையில் கடல் விமானத் தளம் அமைப்பதற்காக அந்தக் கிராமத்து மக்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது.

1945-இல் அந்தச் சேவை நின்றது. போர் வழி மறிப்பது மட்டும் நிற்கவில்லை. 2024-இல் மேற்காசியாவில் பதற்றம் மூண்டு, ஈரான் வான்வெளியைத் தவிர்க்க வேண்டி வந்தபோது, பெர்த் - லண்டன் விமானம் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனது. வேடிக்கை என்னவென்றால், லண்டனிலிருந்து திரும்பும்போது அந்தச் சிக்கலே இல்லை. மேற்கிலிருந்து வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளிவிட, சுற்றுவழியிலும் நிற்காமல் வந்து சேர்ந்தது. ஆகவே, டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தை வேதவாக்காகக் கொள்ளாதீர்கள். வருகிறவர் தாமதித்தால் கவலையும் படாதீர்கள்.

கடல் விமானத்திலோ கப்பலிலோ அந்தக் காலத்தில் பயணம் செய்த பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்கள் சொன்ன கதைகளை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். பழைய பயணச்சீட்டோ புகைப்படமோ இருந்தால் அதன் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். மூலத்தை நீங்களே பத்திரமாக வைத்திருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்