கரும்பு ஆலைக்கு ஓர் இரட்டை: வயலையும் சேர்த்துப் பார்க்கட்டும்

'ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்பது பழமொழி. ஆலை உள்ள ஊரில் விவசாயியின் கவலை வேறு. வெட்டிய கரும்பு லாரியில் ஏறி ஆலை வாசலில் நிற்கும். உள்ளே பாய்லர் பழுது, அரவை நின்றுவிட்டது என்பார்கள். வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் அரைத்துவிட வேண்டும். தாமதமாக ஆக, கரும்பு காய்ந்து எடை குறைகிறது. அதிலுள்ள சர்க்கரையும் சிதைந்து, படிகமாகாத சர்க்கரையாக மாறிவிடுகிறது. எந்திரம் ஆலையுடையது, எடை இழப்போ விவசாயியுடையது.

இந்த நிலையை மாற்ற உதவக்கூடியது, தொழிற்சாலைகளில் பரவிவரும் 'டிஜிட்டல் இரட்டை' என்னும் முறை.

இரட்டை என்றால் என்ன?

பாய்லரின் நீராவி அழுத்தம், அரவை உருளைகளைத் தாங்கும் பேரிங்குகளின் சூடு, எந்திரங்களின் அதிர்வு, சாற்றின் ஓட்டம் ஆகியவற்றை உணர்கருவிகள் இடைவிடாது அளந்து கணிப்பொறிக்கு அனுப்புகின்றன. கணிப்பொறிக்குள் அதே ஆலை கணக்கு வடிவில் ஓடிக்கொண்டிருக்கும். 'இவ்வளவு கரும்புக்கு இவ்வளவு சாறு, இவ்வளவு நீராவி' என்று அது கணக்கிடும். உண்மையான ஆலை அந்தக் கணக்கிலிருந்து விலகினால், பழுது முற்றும் முன்பே எச்சரிக்கை கிடைக்கும்.

1970இல் அப்பல்லோ 13 விண்கலம் வழியில் பழுதானபோது, தரையிலிருந்த மாதிரிக் கலங்களில் சோதித்துப் பார்த்தே வீரர்களுக்கு வழி சொன்னார்கள். இரட்டையின் அடிப்படையும் அதுவே. தொழிற்சாலைக்கு ஏற்ற வடிவில் இக்கருத்தை 2002இல் எடுத்துரைத்தவர் அமெரிக்கப் பேராசிரியர் மைக்கேல் கிரீவ்ஸ்.

கோளாறு காண்பது மட்டுமல்ல, சோதித்துப் பார்ப்பதும் இரட்டையின் வேலை. அரைபடும் சக்கையின் மீது வெந்நீர் அதிகம் விட்டால், சக்கையோடு போகும் சர்க்கரை குறையும். ஆனால் அந்த நீரைப் பிறகு ஆவியாக்க அதிக நீராவி வேண்டும். எவ்வளவு விட்டால் லாபம் என்பதைக் கணிப்பொறியில் முதலில் பார்த்துவிட்டு ஆலையில் செய்யலாம்.

விவசாயிக்கு என்ன பயன்?

கரும்பு விலை, ஆலையின் சராசரி சர்க்கரைக் கட்டுமானத்தோடு பிணைந்துள்ளது. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை, 10.25 சதவீதக் கட்டுமானத்துக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய். கட்டுமானம் 0.1 சதவீதம் கூடினால் 3 ரூபாய் 46 காசு கூடும். குறைந்தால் அதே அளவு குறையும். ஏக்கருக்கு 40 டன் எடுப்பவருக்கு இது 1,384 ரூபாய். கட்டுமானம் 9.5 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் விலை 329 ரூபாய் 5 காசுக்குக் கீழே இறங்காது. அந்த எல்லைக்குக் கீழே உள்ள ஆலை சற்று முன்னேறினாலும், 9.5ஐத் தாண்டும்வரை இந்த விலையில் உயர்வு கிடைக்காது. அங்கேயும் அரவை நிற்காமல் ஓடினால், விவசாயியின் எடை இழப்பு குறையும்.

மூன்று நிபந்தனைகள்

இரட்டை வரவேற்கத்தக்கதே. ஆனால் அது ஆலை வாசலோடு நின்றுவிடக் கூடாது.

முதலாவது, வெட்டு உத்தரவும் லாரி வரிசையும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். அரவை குறையப் போகிறது என்று இரட்டை காட்டினால், அன்று மாலையே விவசாயிக்குக் கைபேசியில் தகவல் போக வேண்டும். வயலில் நிற்கும் கரும்பு இரண்டு நாள் பொறுக்கும். வெட்டிய கரும்பு பொறுக்காது.

இரண்டாவது, உணர்கருவிகளைத் தவறாமல் சரிபார்க்க வேண்டும். தவறான அளவைத் தந்தால் இரட்டையும் தவறாகவே சொல்லும். எடை மேடைக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, அரவை நின்ற நேரமும் அன்றைய கட்டுமானமும் ஆலை வாசலில் எழுதி வைக்கப்பட வேண்டும். கணிப்பொறிக்குத் தெரிந்தது கரும்பு கொடுத்தவருக்கும் தெரியட்டும்.

பழைய எந்திரங்களைக் கொண்ட ஆலைகளுக்குச் செலவு தாங்காது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அவை முழு ஆலைக்கும் ஒரேயடியாகச் செய்ய வேண்டியதில்லை. அடிக்கடி பழுதாகும் பாய்லர் அல்லது அரவைப் பகுதியில் தொடங்கலாம்.

விவசாயிகளுக்கும் பங்கு உண்டு. மண்ணும் சோகையும் கலந்த கரும்பு உருளைகளைத் தேய்க்கும், கட்டுமானத்தைக் குறைக்கும். அடியோடு வெட்டி, வேர், சோகை, கொழுந்தாடை நீக்கிச் சுத்தமாக அனுப்புவது அவசியம். ஆலையில் இரட்டை அமைக்கும் பேச்சு எழுந்தால், 'வெட்டு உத்தரவும் அதில் சேருமா?' என்று கரும்பு அலுவலரிடம் விவசாயிகள் முதலில் கேட்க வேண்டும். வயலை விட்டுவிட்டு ஆலையை மட்டும் பார்க்கும் இரட்டை, பாதி ஆலைக்குத்தான் இரட்டை.