பிள்ளையின் இயல்பும் ஓர் அமானிதமே

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாள்களில், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நம் வீடுகள்தோறும் ஒரு தீர்ப்பு எழுதப்படுகிறது. மதிப்பெண் மிகுந்தவன் மருத்துவன் அல்லது பொறியாளன். நடுவில் நிற்பவன் தந்தையின் தோல் மண்டிக்கோ ஷூ கம்பெனிக்கோ உரியவன். அதற்கும் மனம் ஒட்டாதவனுக்கு வளைகுடா விசா. படிப்பே ஏறவில்லை என்று கைவிடப்பட்டவனுக்கு மதரஸா. மகளாக இருந்தால் பேச்சு இன்னும் சுருக்கம்: பக்கத்தில் இருக்கும் கல்லூரியில் எது கிடைக்கிறதோ அதைப் படிக்கட்டும், நிக்காஹ் பேசி முடியும்வரை. இத்தனை பேர் கூடிப் பேசும் அந்தச் சபையில் ஒருவரிடம் மட்டும் யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. அந்த வாழ்வை வாழப்போகும் பிள்ளையிடம்!

இதை உலகக் காரியத்தில் நேரும் சிறு பிழை என்று நாம் கருதவில்லை. அல்லாஹ் நம் கையில் ஒப்படைத்த அமானிதத்தில் நேரும் தவறு என்றே கருதுகிறோம். பிள்ளையின் உடல் அமானிதம், ஈமான் அமானிதம் என்று ஒப்புக்கொள்ளும் நாம், அவனுக்குள் அல்லாஹ் வைத்து அனுப்பிய இயல்பு மட்டும் நம் சொந்தச் சொத்து என்று எப்படி முடிவு கட்டினோம்?

ஒவ்வொருவரும் தத்தம் இயல்பின் வழியிலேயே செயல்படுகிறார் என்னும் கருத்தைத் திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் 84ஆம் வசனம் நமக்கு உணர்த்துகிறது. மனிதரின் வாழ்வாதாரங்களைப் பங்கிட்டவன் தானே என்றும், ஒருவருக்கு ஒருவர் பணிகொள்ளும் பொருட்டே அவர்களிடையே வேறுபாடு வைத்ததாகவும் 43ஆம் அத்தியாயம் 32ஆம் வசனத்தில் அல்லாஹ் கூறுகிறான். வேறுபாடு அவன் வைத்த ஏற்பாடு. ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் இரண்டு மூன்று அச்சுகளில் வார்க்க முயல்வது அந்த ஏற்பாட்டோடு மல்லுக்கு நிற்பதாகும்.

அண்ணலார் (ஸல்) அவர்களின் நடைமுறையைப் பாருங்கள். பாங்கின் சொற்களைக் கனவில் கண்டவர் அப்துல்லாஹ் பின் ஸைத் (ரலி). நம் ஊர் வழக்கப்படி பார்த்தால் முதல் முஅத்தின் பதவி அவருக்கே சேர வேண்டும். ஆனால் அச்சொற்களைப் பிலால் (ரலி) அவர்களுக்குக் கற்றுக்கொடுக்குமாறு நபியவர்கள் பணித்தார்கள். பிலாலின் குரல் அதற்கு வாய்த்த குரல் என்பதே காரணம். போர்க்களத்துக்குச் செல்லத் துடித்த சிறுவர் ஸைத் பின் ஸாபித் (ரலி) வயது போதாமல் திருப்பி அனுப்பப்பட்டார். அவரிடம் இருந்த நினைவாற்றலைக் கண்டு, யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நபியவர்கள் ஏவினார்கள். அரைத் திங்களில் அவர் அதைக் கற்றுத் தேர்ந்தார். பிற்காலத்தில் குர்ஆனைத் தொகுக்கும் பெரும்பணி அவரிடமே வந்து சேர்ந்தது. அபூதர் (ரலி) அவர்களின் தக்வாவில் யாருக்கும் ஐயமில்லை. ஆயினும் அவர் பொறுப்பொன்றைக் கேட்டபோது, அது பாரமான அமானிதம், நீர் அதற்கு வலுவற்றவர் என்ற கருத்தில் நபியவர்கள் மறுத்தார்கள். நல்லவராக இருப்பது வேறு, ஒரு பணிக்குப் பொருந்தியவராக இருப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

ஹிஜ்ரி 751இல் மறைந்த இமாம் இப்னுல் கய்யிம், பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதிய தனி நூலில் இதையே வலியுறுத்துகிறார். சிறுவனின் நிலையைக் கவனி, அவன் எதற்கு ஆயத்தம் செய்யப்பட்டிருக்கிறான் என்று பார், மார்க்கம் அனுமதித்ததாக இருக்கும்வரை அவனை வேறொன்றில் தள்ளாதே, தள்ளினால் அதிலும் தேறமாட்டான், தனக்குரியதையும் இழப்பான் என்பது அவர் கூற்றின் சாரம். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலிம் சொன்னதை, இன்று ஏதோ மேலைநாட்டுப் புதுமை என்று நம்மில் சிலர் ஏளனம் செய்கிறார்கள்.

“தலைமுறை தலைமுறையாகக் கையில் இருக்கும் தொழிலை விட்டுவிட்டு மகன் எங்கே போவது?” என்று சிலர் கேட்கிறார்கள். தோல் தொழிலை நாம் குறைத்துப் பேசவில்லை. நம் அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) தம் கையால் தோலைப் பதப்படுத்தியவர்கள், அந்த உழைப்பின் வருவாயைத் தர்மம் செய்தவர்கள். வக்ஃபுச் சட்டத்தைப் பற்றி எழுதிய ஹனஃபி அறிஞர் இமாம் கஸ்ஸாஃப், செருப்புத் தைத்துப் பிழைத்தவர். அவருடைய பெயரே அந்தத் தொழிலின் பெயர். தோல் வணிகரான காக்கா முஹம்மது உமர் சாஹிப் 1924இல் நிறுவிய ஜாமிஆ தாருஸ்ஸலாம் இன்றும் உமராபாத்தில் ஆலிம்களை உருவாக்கி வருகிறது. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்ததும் இதே மண்ணின் முஸ்லிம் பெரியோர்களின் முயற்சியால்தான். சற்றே எண்ணிப் பாருங்கள்: பிள்ளைகள் அனைவரும் மண்டிக்கே வர வேண்டும் என்று அப்பெரியோர்கள் நினைத்திருந்தால், கல்லூரிக்கும் ஜாமிஆவுக்கும் ஏன் செலவிட்டார்கள்? அந்தக் கல்லூரிக்குத்தான் 1961இல் மதுரையிலிருந்து ஓர் இளம் தமிழாசிரியர் வந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே கற்பித்தார். ‘ஆலாபனை’ நூலுக்காக 1999இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற கவிக்கோ அப்துல் ரகுமான் அவர். அவரை யாரேனும் கணக்கப்பிள்ளையாக உட்கார வைத்திருந்தால் சமுதாயம் எதைப் பெற்றிருக்கும், எதை இழந்திருக்கும்?

மேலும், தந்தையின் தொழில் பாதுகாப்பானது என்ற எண்ணமே ஆராயத்தக்கது. நம் பாட்டனார்கள் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டுக் கப்பல் ஏற்றினார்கள். 1970களில் அரைப் பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தபோது, முழுப் பதத் தோலுக்கும் காலணிக்கும் மாற வேண்டியதாயிற்று. 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை நம் பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகளின் வழக்கிலேயே நிலைநாட்டியது. 2025 ஜனவரியில் மீண்டும் அதே மாசு குறித்துக் கடுமையான தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது ஆம்பூரின் காலணி ஏற்றுமதியாளர்கள் கலங்கினார்கள். இத்தனை திருப்பங்களையும் கடக்க, தொழிலைப் புரிந்துகொள்ளும் ஆர்வமும் புதிதாகக் கற்கும் வேட்கையும் வேண்டும். கல்லாப்பெட்டியின் முன் வேண்டாவெறுப்பாக அமர்த்தப்பட்ட மகனிடம் அவற்றை எதிர்பார்க்க முடியுமா? மகனுக்கு உண்மையிலேயே தோலில் நாட்டம் இருந்தால் அதற்கும் வழி உண்டு. 1948 முதல் சென்னை அடையாற்றில் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொலைவில் இல்லை. இரசாயனம் அறிந்தவன், நிறத்தில் கண் தேர்ந்தவன், வடிவமைப்பவன், கழிவுநீரைச் சுத்திகரிக்கத் தெரிந்தவன் என்று இத்தொழிலுக்குள்ளேயே பல இயல்புகளுக்கு இடம் இருக்கிறது.

“இயல்பு என்பது ஆசைக்கு இட்ட அழகான பெயர்” என்கிறார்கள் வேறு சிலர். இல்லை. ஆசை பிறர் வெற்றியைப் பார்த்து வருவது, இடர் கண்டால் ஓடிவிடுவது. இயல்பு யாரும் ஏவாமலே கை தேடிச் செல்லும் வேலையில் தெரியும். தோற்ற பின்னும் பிள்ளை எதற்குத் திரும்பி வருகிறானோ, எதைச் செய்யும்போது பசியை மறக்கிறானோ, அங்கே அது இருக்கிறது. ஹலாலின் எல்லை இயல்புக்கும் உண்டு. வட்டிக் கணக்கு எழுதுவது என் இயல்பு என்று எவரும் வாதிட முடியாது. குடும்பத்தின் அடுப்பு எரிய வேண்டுமே என்று தன் விருப்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஷிப்டுக்குச் செல்லும் இளைஞனையும் இளம்பெண்ணையும் நாம் குறைகூறவில்லை. அவர்களின் கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது. வசதி இருந்தும், வழி இருந்தும், ஊர் மெச்ச வேண்டும் என்பதற்காகவே பிள்ளையின் வாழ்வைப் பணயம் வைப்பவர்களைத்தான் கேட்கிறோம்.

பிறரைக் கேட்கும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மதரஸா ஆசிரியர்களாகிய நாம் இந்தக் குற்றத்திலிருந்து விலக்குப் பெற்றவர்கள் அல்லர். சில ஆண்டுகளுக்கு முன், தாயின் நேர்ச்சைக்காக ஒரு சிறுவன் நம்மிடம் ஹிஃப்ழு ஓத அனுப்பப்பட்டான். மூன்று ஆண்டுகளில் ஐந்து ஜுஸ்வைத் தாண்டவில்லை. ஆனால் பள்ளிவாசலின் ஒலிபெருக்கி பழுதானால் அவன் கை பட்டதும் பேசும். ஹவ்ளுக்கு நீர் ஏற்றும் மோட்டாரின் ஓசையைக் கேட்டே அதன் கோளாறைச் சொல்வான். நாம் அதைக் கண்டோம், வியந்தோம். கண்ட பின்னும், மறுநாள் காலைப் பாடத்தில் பிரம்பைத்தான் எடுத்தோம். பிறர் முன்னிலையில் அவனை வெட்கப்படுத்தினோம். ஒருநாள் அவன் வராமல் நின்றுவிட்டான். பல ஆண்டுகள் பள்ளிவாசல் பக்கமே வரவில்லை. இன்று அவன் தேர்ந்த எலக்ட்ரீஷியன். அழைத்தால் வந்து வேலை செய்து தருகிறான், சலாம் சொல்கிறான், நம் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். “அதெல்லாம் விடுங்க ஹஜ்ரத்” என்று சிரித்துவிட்டுப் போனான். நம்மால் விட முடியவில்லை. மறுமையில் அவன் வழக்குத் தொடுத்தால் நம் பதில் என்ன?

மந்தமானவனை மதரஸாவுக்கும் கூர்மையானவனை மருத்துவத்துக்கும் என்று பிரிப்பதால் இரண்டு இழப்புகள் நேர்கின்றன. மார்க்கக் கல்வியில் உண்மையான தாகம் கொண்ட கூர்மையான பிள்ளை அதற்கு வராமல் போகிறான். வேறு திறமையுள்ளவன் இங்கே வந்து வாடுகிறான். தம் காலத்தில் ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் இல்லாதிருக்க, எல்லாரும் ஃபிக்ஹ் கல்வியையே மொய்த்துக்கொண்டிருந்ததை இமாம் கஸ்ஸாலி கண்டித்தார். ஃபர்ளு கிஃபாயாவை அவர் விளங்கிக்கொண்ட முறை அது. இன்று கூட்டம் வேறு வாசலில் மொய்க்கிறது. கண்டனம் அதே கண்டனம்தான். வழக்கறிஞர், நல்ல பள்ளி ஆசிரியர், செவிலியர், நூலகர், கைத்தொழிலாளர் ஆகியோரும் சமுதாயத்துக்கு வேண்டுமல்லவா?

ஆகவே பெற்றோரிடம் நாம் வேண்டுவது இதுதான். பத்து வயது முதலே பிள்ளையைக் கவனியுங்கள். ஆசிரியரிடமும் தொழில் அறிந்தவரிடமும் மஷ்வரா செய்யுங்கள். இஸ்திகாரா தொழுகையைப் பிள்ளைக்கும் கற்றுக்கொடுங்கள், அவனே தொழட்டும். மகளிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள், இதே பொறுமையோடு கேளுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒன்று: கல்வி உதவித்தொகையை மருத்துவம், பொறியியல் என்ற இரு பட்டங்களுக்குள் அடைத்துவிடாதீர்கள். ஜும்ஆவுக்குப் பின் ஒருநாள், ஊரில் வெவ்வேறு தொழிலில் இருப்போரை மாணவர்கள் முன் அமர்த்திப் பேச வையுங்கள்.

இப்ராஹீம் (அலை) அவர்களுக்குக் கனவில் வந்தது அல்லாஹ்வின் கட்டளை. மறுக்க இடமில்லாத கட்டளை. அப்போதும் அவர்கள் தம் மகனை அருகில் அழைத்து, உன் கருத்து என்ன என்று கேட்டார்கள். அறுப்பதற்கு முன்னும் மகனைக் கேட்ட நபியின் வழிவந்தவர்கள் நாம். ஒரு கல்லூரி விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் நம் பிள்ளையை ஒருமுறை கேட்கக் கூடாதா?

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை அவரவருக்கு எளிதாக்கப்பட்ட ஹலாலான வழியில் நடத்துவானாக. நாம் அவர்களுக்கு இழைத்த தவறுகளை மன்னித்து, திருத்திக்கொள்ளும் தவ்ஃபீக்கை நமக்குத் தருவானாக. ஆமீன்.