பிரிட்ஜுக்கு குழாய் இழுத்தாச்சு! பொறுப்பு யாருக்கு?

தானாக ஐஸ் கட்டி போடும் பிரிட்ஜ் சென்னையில் வசதியான வீடுகளுக்கு வந்துவிட்டது. தட்டில் தண்ணீர் ஊற்றி வைக்கும் வேலை இல்லை. பிரிட்ஜை தண்ணீர் குழாயோடு இணைத்துவிட்டால் போதும். டம்ளரை நீட்டினால் ஐஸ் விழும்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குழாயில் வருவது எந்தத் தண்ணீர்?

பிரிட்ஜை இறக்கிய ஆட்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். தெருமுனை பிளம்பர் வருவார். சமையல் கட்டு குழாயில் ஒரு "டீ" போட்டு இணைத்துவிடுவார். பல வீடுகளில் அது மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர். போர் தண்ணீர், லாரி தண்ணீர் எல்லாம் கலந்தது. குடிக்க கேன் வாங்கும் வீட்டில், ஐஸ் மட்டும் தொட்டித் தண்ணீரில்!

கிருமி சாகாது

உறைந்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சாகாது! மஞ்சள் காமாலைக் கிருமி ஐஸ் கட்டிக்குள் உயிரோடு இருக்கும். ஜூஸ் டம்ளரில் கரைந்து குழந்தையின் வயிற்றுக்குள் போகும்.

பிரிட்ஜில் பில்டர் இருக்கிறதே என்பார்கள். அது பெரும்பாலும் கரி பில்டர். குளோரின் வாடையை எடுக்கும். உப்பை எடுக்காது. கிருமிக்கு அதை நம்ப முடியாது.

பவுண்டு கணக்கு

இன்னொரு சங்கதி, அழுத்தம். டயருக்கு காற்று அடிப்பதுபோல் இதற்கும் பவுண்டு கணக்கு உண்டு. பல பிரிட்ஜ்களுக்கு குறைந்தது 20 பவுண்டு வேண்டும். அதற்கு தொட்டி சுமார் 46 அடி உயரத்தில் இருக்க வேண்டும். தொட்டிக்கு 10 அடி கீழே உள்ள மேல் மாடி வீட்டில் 4 பவுண்டுதான் தேறும். அழுத்தம் குறைந்தால் பிரிட்ஜில் உள்ள வால்வு சரியாக மூடாது. சொட்டுச் சொட்டாகக் கசியும்.

பிரிட்ஜை சுவரோடு தள்ளும்போது டியூப் நசுங்கினாலும் கசிவுதான். ராத்திரி முழுக்க ஒழுகினால் யாருக்குத் தெரியும்? காலையில் கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டும்போதுதான் தெரியும்!

2019-ல் ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் குடிதண்ணீர் வந்த ஊர் இது. குடம் தூக்கி அலைந்ததை அதற்குள் மறக்கலாமா?

என்ன செய்ய வேண்டும்?

ஆர்.ஓ. மெஷினில் சுத்தமான தண்ணீரை சிறு பம்ப் வைத்து எடுக்க வேண்டும். பிரிட்ஜுக்கு என்று தனி வால்வு, கை எட்டும் இடத்தில் வேண்டும். ஊருக்குப் போகும்போது அதை மூட வேண்டும். டியூப்பை நீளமாக விட்டு, சுருட்டி வைக்க வேண்டும். முதலில் விழும் ஐஸை கொட்டிவிட வேண்டும்.

இதையெல்லாம் வாங்குகிறவருக்கு யார் சொல்வது? விற்கிற கடைக்காரர்தான் சொல்ல வேண்டும். ஏ.சி.யை மாட்டித் தர ஆள் அனுப்புகிறார்கள் அல்லவா? இதற்கும் விவரம் தெரிந்த ஆளை அனுப்பட்டும். தண்ணீரைப் பார்த்து, அழுத்தத்தை அளந்து, அப்புறம் இணைக்கட்டும்.

காசை எண்ணி வாங்குகிறவருக்கு அந்தப் பொறுப்பும் உண்டு!