கலைமகள் விழாவும் கற்றல் நெறியும்

சக்தியை ஒன்பது இரவுகள் போற்றி வழிபடும் நவராத்திரி விழா, பெரும்பாலும் புரட்டாசித் திங்களில், அமாவாசையை அடுத்த பிரதமையிலே தொடங்குகின்றது. முதல் மூன்று நாட்கள் துர்க்கைக்கும், நடு மூன்று நாட்கள் இலக்குமிக்கும், இறுதி மூன்று நாட்கள் சரசுவதிக்கும் உரியன. வீரமும் செல்வமும் முன்னே வர, கல்வி முடிவிலே வருவது கருதத்தக்கது. வலிமையும் பொருளும் அறிவிலே சென்று நிறைவெய்த வேண்டும் என்பதே இவ்வரிசையின் உட்கிடை எனலாம்.

வங்காளத்தில் இவ்விழா துர்க்கா பூசையாகவும், மைசூரில் அரச மரபையொட்டிய தசராவாகவும் சிறப்புறுகின்றது. ஈழத்துத் தமிழரிடையே கோயிலுக்கும் இல்லத்துக்கும் ஒப்பாகப் பாடசாலையும் இதன் நிலைக்களமாகும். கும்பம் வைத்து, வகுப்புக்கொரு நாளாகப் பூசை நிகழ்த்தி, அவலும் கடலையும் பகிர்ந்து, சகலகலாவல்லி மாலை பாடுதல் நம் மாணவர் நன்கறிந்த வழக்கம். பத்தாம் நாளாகிய விஜயதசமியன்று கோயில்களிலே வாழை வெட்டி, மகிடாசுரன் வீழ்ச்சியை நினைவூட்டும் மானம்பூ விழா நடைபெறும். அன்றே ஆசான் குழந்தையின் விரல் பற்றிப் பரப்பிய அரிசியிலே அகரம் எழுதுவிக்கும் ஏடு தொடக்கலும் நிகழும்.

சகலகலாவல்லி மாலையைப் பாடியவர் பதினேழாம் நூற்றாண்டினரான குமரகுருபரர். காசியிலே அயன்மொழியை விரைவிற் கற்க விரும்பி அவர் இதனைப் பாடினார் என்பது வழிவழி வரும் செய்தி. தமிழ்ப் புலவர் ஒருவர் பிறர் மொழியையும் கற்க அருள் வேண்டிக் கலைமகள் முன் நின்றார் என்னும் இக்கருத்து, பல மொழியினர் வாழும் இந்நாட்டிலே நாம் மறக்கலாகாத ஒன்று.

ஆயினும், வழிபட்ட கல்வியை நாம் எல்லோர்க்கும் பகிர்ந்தளித்தோமா? 1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அத்தீயை நாம் மறக்கவில்லை, மறக்கவும் இயலாது. அதற்கு அரை நூற்றாண்டு முன்னர் இதே குடாநாட்டிலே எழுந்த வேறொரு தீயை மட்டும் மறந்துவிட்டோம். ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகளும் ஏனையோருடன் ஒரே வாங்கிலே அமர்ந்து கற்கலாம் என்ற சம ஆசன விதி வந்தபோது, அதனைப் பொறாதார் சில பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர். முன்னையது பிறர் நமக்கு இழைத்த கொடுமை. பின்னையது நம்மவருள் சிலர் நம்மவர்க்கே இழைத்த கொடுமை. நூலை எரித்தலும், நூலைப் பிறர் கைக்கு எட்டாமற் செய்தலும் கலைமகளுக்கு ஒரே அவமதிப்பேயாம்.

அந்நாளைய தடைகள் பெரிதும் தகர்ந்தன. எனினும் புதிய வேலிகள் இல்லாமல் இல்லை. பூசைச் செலவுக்குப் பணங்கொண்டு வர இயலாத மாணவன் அன்று பாடசாலைக்கே வாராது நின்றுவிடுகின்றான். அலங்காரத்தில் வகுப்பை வகுப்பு வெல்ல முனைகின்றது; அவ்வகுப்பிலேயே எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளை ஒருவரின் கண்ணிலும் படுவதில்லை. நூலகத்து அலுமாரிக்கு மாலை சூட்டுகின்றோம். அதன் பூட்டைத் திறக்க மறக்கின்றோம்.

சரசுவதி பூசையன்று நூல்களைப் பீடத்தில் வைத்தல் மரபு. விஜயதசமியன்று அவற்றை எடுத்துப் படித்தலும் மரபே. வைத்தல் வணக்கம், எடுத்தல் பயன். எடாது விடின் வைத்ததனால் ஆவதொன்றில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே: இவ்வாண்டு விஜயதசமியன்று, புதிதாக வரும் குழந்தைக்கு ஏடு தொடக்குவதோடு அமையாது, வாசிக்கப் பின்தங்கிய மாணவன் ஒருவனையும் அருகிருத்தி மீண்டும் அகரத்திலிருந்து தொடங்குக. மாணவர்களே, பூட்டிய அலுமாரியைத் திறக்குமாறு கேளுங்கள். எடுத்த நூலைப் படித்து முடித்து, அயலிலுள்ள தோழனிடம் கொடுங்கள். பத்தாம் நாளின் வெற்றி என்பது அறியாமையை வெல்லுதலாயின், அவ்வெற்றி ஒருவரும் புறத்தே நிறுத்தப்படாத வகுப்பறையிலேதான் தொடங்கும்.