வேரைப் பாருங்கள், பிறகு தண்ணீர் ஊற்றுங்கள்

இந்த முறை ஒரே ஒரு கடிதத்திற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். காரணம், இதே கேள்வியைச் சற்று முன்பின்னாகப் பலரும் கேட்டுவிட்டார்கள்.

கடிதம் தாசேக் கெலுகோரிலிருந்து வந்திருக்கிறது. எழுதிய சகோதரி தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டம் கைமாறி, லயங்கள் உடைபட்டபோது குடும்பம் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டது. தட்டுமுட்டுச் சாமான்களோடு, காலஞ்சென்ற தாயார் வாசலில் தொங்கவிட்டு வளர்த்த ஊதா ஆர்க்கிட் செடியும் கூடவே வந்தது. "அம்மா கையால் வைத்தது இது ஒன்றுதான் மிச்சம். தேங்காய் மட்டை போட்ட அதே தொட்டியில்தான் இன்னும் இருக்கிறது. காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனாலும் தண்டெல்லாம் காய்ந்த இஞ்சி மாதிரி சுருங்கிவிட்டது. இலை மஞ்சளாகி உதிர்கிறது. கடையில் உரம் வாங்கிப் போட்டேன், இன்னும் மோசமாகிவிட்டது. காப்பாற்ற வழியுண்டா?" என்று கேட்கிறார்.

வழி உண்டு, சகோதரி. ஆனால் முதலில் அந்தத் தண்ணீர்க் குவளையைக் கீழே வையுங்கள். உரப் பொட்டலத்தையும் எடுத்துப் பரண்மேல் போடுங்கள்.

சுருக்கம் என்பது ஒரு நோயின் பெயரல்ல, தாகத்தின் அடையாளம். நீங்கள் சொல்லும் தண்டுள்ள ஆர்க்கிட் 'டென்ட்ரோபியம்' வகையாக இருக்க வேண்டும். அதன் தண்டு ஒரு தண்ணீர்த் தொட்டி. வேரிலிருந்து வரவு இருக்கும்வரை தண்டு கொழுகொழுவென்று இருக்கும். வரவு நின்றால், சேமித்ததை எடுத்துச் செலவழிக்கும், தண்டு வற்றும். வரவு ஏன் நிற்கிறது? பெரும்பாலும் இரண்டு காரணம்தான். ஒன்று, கிணற்றில் தண்ணீர் இல்லை. மற்றொன்று, கிணறு நிறையத் தண்ணீர் இருக்கிறது, இறைக்கக் கயிறுதான் இல்லை. தண்ணீர் காட்டாமல் விட்ட செடியும் சுருங்கும். அளவுக்கு மிஞ்சி ஊற்றி வேர் அழுகிப் போன செடியும் அதே மாதிரிதான் சுருங்கும். மேலே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். வைத்தியமோ நேர் எதிரானது. முதலாவதற்குத் தண்ணீர் மருந்து, இரண்டாவதற்கு அதுவே நஞ்சு. சுருங்கிய செடியைக் கண்டதும் நம் கை தானாக வாளியைத் தேடுகிறதே, அங்கேதான் பாதிச் செடிகள் போய்விடுகின்றன.

பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்குப் புல்லுருவியை நன்றாகத் தெரியும். மரக்கிளையில் வேர் பாய்ச்சி, மரத்தின் சாற்றையே உறிஞ்சிப் பிழைக்கும். ஆர்க்கிட்டும் மரத்தின்மேல் உட்கார்ந்திருப்பதால் அதையும் புல்லுருவி என்று பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. பாவம், அது அப்படிப்பட்டதல்ல. மரத்திடம் உட்கார இடம் மட்டும்தான் கேட்கிறது, சாப்பாடு அதனுடையது. சாலையோர மரங்களிலும் பழைய பால்மரங்களிலும் வெள்ளையாகப் பூக்கும் புறா ஆர்க்கிட்டைப் பார்த்திருப்பீர்கள். திடீர் மழையில் காற்று குளிர்ந்தால், அதிலிருந்து ஏறக்குறைய 9ஆம் நாள் வட்டாரம் முழுக்க ஒன்றாகப் பூத்து, ஒரே நாளில் வாடிவிடும். அதற்கு எந்த மகராசி காலை மாலை தண்ணீர் ஊற்றினாள்? மழை பெய்தால் வேர் நனைகிறது. மழை விட்டதும் காற்றில் காய்ந்துவிடுகிறது. அவ்வளவுதான்.

அந்த வேரைக் கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் புரியும். நடுவில் நூல் போன்ற ஒரு நரம்பு, அதைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஓர் உறை. காய்ந்திருக்கும்போது உறை வெள்ளி நிறமாக இருக்கும். நனைந்ததும் பச்சையாக மாறும். அந்தப் பஞ்சு தண்ணீரைச் சட்டென்று குடிக்கும், காற்றையும் கேட்கும். இரவும் பகலும் ஈரத்தில் ஊறினால் காற்றில்லாமல் அழுகிவிடும். தைப்பூசத்திற்குப் பினாங்கு தண்ணீர்மலைக்குப் போகிறவர்கள், திரும்பும்போது பக்கத்திலுள்ள தாவரவியல் பூங்காவில் ஒரு நடை நடந்து வாருங்கள். 1884இல் உண்டாக்கிய பூங்கா அது. பெரிய மரங்களின் கிளைகளை அண்ணாந்து பாருங்கள். பெரணியும் ஆர்க்கிட்டும் வெறும் பட்டையைப் பிடித்துக்கொண்டு எப்படி வாழ்கின்றன என்று தெரியும். தொட்டி, மட்டை எல்லாம் நம்முடைய வசதிக்காக நாம் செய்தவை.

சரி, செடியைச் சோதிப்போம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: இலை உதிர்ந்த பழைய தண்டு மட்டும் சுருங்கியிருந்து, புதுத் தண்டு பசுமையாக இருந்தால் அது சீக்கல்ல. கிழத்தண்டு தன்னிடம் இருப்பதைக் குருத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அழகில்லை என்று அதை வெட்டாதீர்கள். கடைசியாக வந்த தண்டும் சேர்ந்து சுருங்கினால்தான் கவலைப்பட வேண்டும். உங்கள் செடியில் எல்லாத் தண்டும் சுருங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே தொட்டியைக் கவிழ்த்துத்தான் ஆக வேண்டும். வேர் தொட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். சற்று நேரம் தண்ணீரில் ஊறவிட்டுக் கழற்றுங்கள், இல்லையேல் பிளாஸ்டிக் தொட்டியை வெட்டிவிடுங்கள். தொட்டி போனால் போகட்டும்.

வேரை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகி, அழுத்தினால் தண்ணீர் கசிந்து, உறை வழுக்கிக்கொண்டு கழன்று நூல் மட்டும் கையில் மிஞ்சினால் அந்த வேர் செத்துவிட்டது. மூக்கருகில் கொண்டுபோனால் வாடையே சொல்லிவிடும்.

வேர்கள் வெள்ளையாகக் கெட்டியாக இருந்து, தொட்டி இறகு போல் லேசாக இருக்கிறதா? அது வெறும் தாகம். தொட்டியோடு அரைமணி நேரம் ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி வைத்து, எடுத்து நன்றாக வடியவிடுங்கள். சில நாள் விட்டு இன்னொரு முறை செய்யுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் தண்டு தேறும். தாசேக் கெலுகோர் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை, பால்மரம் இலை உதிர்க்கும் வறட்சிக் காலத்தில் தொடங்கிய சுருக்கம் என்றால் பெரும்பாலும் இதுதான். செப்டம்பர் முதல் நவம்பர் வரை, மழை விடாமல் பிடித்துக்கொள்ளும் மாதங்களில் தொடங்கியது என்றால் அழுகலைச் சந்தேகியுங்கள்.

சகோதரியின் செடி இரண்டாம் வகை என்றே படுகிறது. தேங்காய் மட்டை புதிதாக இருக்கும்போது நல்லதுதான். இரண்டு மூன்று வருடத்தில் மக்கிச் சேறாகிவிடும். ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. அம்மா இருந்தபோது மட்டையை அவ்வப்போது மாற்றியிருப்பார். அது யார் கண்ணிலும் பட்டிருக்காது. உரம் போட்டதும் மோசமானதற்குக் காரணம் வேறொன்றுமில்லை: உப்பில் போட்ட மாங்காய் எப்படிச் சுருங்குகிறது? நோய்ப்பட்ட வேருக்கு உரமும் அப்படித்தான். அரிசி கழுவிய நீரையும் இப்போது வேண்டாம் என்றே சொல்வேன். எறும்பும் பூசணமும்தான் வரும்.

இனி வைத்தியம். மட்டை அத்தனையையும் களைந்து, ஓடும் தண்ணீரில் வேரை அலசுங்கள். கூரிய பிளேடு ஒன்றை நெருப்பில் காட்டி ஆறவைத்துக்கொள்ளுங்கள். வேறொரு செடிக்குப் போகுமுன் மறுபடியும் காட்ட வேண்டும். ஆர்க்கிட்டுக்கு வரும் வைரஸ் நோய்கள் வெட்டுக்கத்தி வழியாகவே பரவுகின்றன. வந்துவிட்டால் மருந்து கிடையாது. செத்த வேரையெல்லாம் வெட்டுங்கள். கெட்டியான வேர் இரண்டே இருந்தாலும் போதும், அதை விட்டுவிடுங்கள். வெட்டுவாயில் மட்டும் சமையல் பட்டைத்தூளைத் தொட்டு வையுங்கள். நல்ல வேர்மேல் தூவாதீர்கள், அதையும் உலர்த்திவிடும்.

தண்டிலோ இலையிலோ கறுப்பாக, ஈரமாக, நாளுக்கு நாள் பரவும் படை இருந்தால் அது வேறு விவகாரம். பால் வெட்டியவர்களுக்கு நினைவிருக்கும், மழைக் காலத்தில் வெட்டுப்பட்டையில் கறுப்புக் கோடுகள் விழுமே, அதை உண்டாக்கும் ஃபைட்டோப்தோரா இனந்தான் ஆர்க்கிட்டில் கறுப்பழுகலையும் உண்டாக்குகிறது. பச்சைச் சதை தெரியும்வரை, அதற்கும் ஒரு விரற்கடை தள்ளியே வெட்டி, வெட்டியதைக் குப்பையில் கட்டிப் போடுங்கள். பூசணக்கொல்லி வாங்கினால் உறையில் எழுதிய அளவுக்கு ஒரு சிட்டிகையும் கூட்டாதீர்கள். பிள்ளைகள் ஓடியாடும் தாழ்வாரத்தில் தெளிக்கவும் வேண்டாம்.

வெட்டிய செடியை ஒரு நாள் நிழலில் ஆறவிடுங்கள். பிறகு பழைய தொட்டியை விடச் சிறிய, நிறைய ஓட்டையுள்ள தொட்டியில், அடுப்புக்கரித் துண்டும் உடைத்த செங்கல் துண்டும் போட்டு உட்கார வையுங்கள். கரியை ஒருநாள் ஊறப்போட்டுக் கழுவினால் தூசி போகும். தண்டின் அடிப்பகுதி மேலே தெரிய வேண்டும், புதைக்கக் கூடாது. ஒரு குச்சி ஊன்றி, பழைய துணி நாடாவால் அசையாமல் கட்டுங்கள். இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. செடி ஆடிக்கொண்டே இருந்தால் புது வேரின் நுனி கரியில் உரசி ஒடிந்துவிடும். உங்கள் மூன்று மாதக் காத்திருப்பும் அதோடு போகும்.

வெயில் நேராகப் படாத, ஆனால் வெளிச்சமுள்ள இடத்தில் வையுங்கள். அடுக்குமாடித் தாழ்வாரத்தில் காற்று சுழன்றடிக்கும், வேரில்லாத செடியை அது இன்னும் உலர்த்தும். ஆகவே சுவரோரமாக, மற்றச் செடிகளுக்கு நடுவே வைப்பது நல்லது. காலையில் ஒருமுறை தண்டின்மேலும் கரியின்மேலும் பன்னீர் தெளிப்பதுபோல் தண்ணீர் தெளியுங்கள். மாலைக்குள் காய்ந்துவிட வேண்டும். கீழே தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் வைப்பவர்கள், இரண்டு நாளுக்கொரு முறை அதைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். ஆர்க்கிட்டைக் காப்பாற்றப் போய் டிங்கிக் கொசுவை வளர்த்துவிடக் கூடாது.

ஒரு செடியில் மட்டும் நம்பிக்கையை வைக்காதீர்கள், சகோதரி. செடியைப் பிரிக்கும்போதே, இலையில்லாவிட்டாலும் உயிருள்ள பழைய தண்டு ஒன்றை அடியோடு வெட்டி எடுத்து, ஈரமான புதுத் தேங்காய் நாரின்மேல் படுக்க வையுங்கள். கணுவிலிருந்து குட்டி முளைக்கக்கூடும். குட்டிக்குச் சொந்தமாக இரண்டு அங்குல வேர் வந்ததும் பிரித்து நடலாம். அதுவும் அம்மா வைத்த செடிதான், வேறல்ல. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. சிங்கப்பூரில் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற அம்மையாரின் தோட்டத்தில் பூத்த வாண்டா ஆர்க்கிட் ஒன்றை, 1893இல் தாவரவியல் பூங்காவின் தலைவர் ரிட்லி உலகுக்கு அறிவித்தார். அந்தச் செடியை வெட்டி வெட்டித்தான் நாடெங்கும் நட்டார்கள். தோட்டத்து பங்களா வேலியோரத்தில் குச்சி குச்சியாக நின்று இளஞ்சிவப்பாகப் பூக்குமே, அதுதான். 1981இல் சிங்கப்பூரின் தேசிய மலராகவும் ஆனது. இந்த ரிட்லி யார் தெரியுமோ? மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டு, ரப்பர் நடுங்கள் நடுங்கள் என்று துரைமார்களை விடாமல் நச்சரித்த அதே மனிதர். நம் பாட்டன் பாட்டிகளை உளியும் வாளியுமாக விடியற்காலையில் எழுப்பிவிட்டதில் அவருக்கும் பங்குண்டு.

மற்ற ஆர்க்கிட் வைத்திருப்போருக்கு இரண்டு வார்த்தை. சீனப் புத்தாண்டுச் சமயத்தில் விற்கும் அகல இலை ஃபெலனாப்சிஸ் பெரும்பாலும் பாசியை இறுக்கித் திணித்த தொட்டியில் வரும், சிலவற்றில் அடியில் ஓட்டைகூட இருக்காது. பூ முடிந்ததும் முதல் வேலையாக அதை மாற்றுங்கள். அதன் குருத்தில் தண்ணீர் தங்கவே கூடாது. வாண்டா செடி கீழிலை உதிர்ந்து மொட்டைத் தண்டாக நின்றால், மேலே மூன்று நான்கு நல்ல வேர் உள்ள இடத்திற்குக் கீழே வெட்டித் தனியாகக் கட்டுங்கள். அடிக்கட்டையையும் எறியாதீர்கள், அதுவும் துளிர்க்கலாம்.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்பீர்கள். வாரக்கணக்கு, சில சமயம் மாதக்கணக்கு. தினமும் செடியைத் தூக்கிப் பார்க்காதீர்கள். பழைய சுருக்கம் முழுவதும் மறையாமலே போகலாம். அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். புதுக்குருத்தின் அடியில் பச்சையாகவோ ஊதாவாகவோ பளபளவென்று ஊசிமுனை போல ஒன்று எட்டிப் பார்த்தால் அதுதான் வேர். அது இரண்டு அங்குலம் வளர்ந்த பிறகு பரண்மேல் போட்ட உரத்தை இறக்குங்கள். உறையில் போட்ட அளவில் கால்பங்கு, வாரம் ஒருமுறை, அதுவும் செடியை நனைத்த பிறகு. வேருக்கு முன்னால் பூங்காம்பு வந்தால், மனம் வராதுதான், கிள்ளிவிடுங்கள். இந்த வருடம் அதற்குப் பூக்கிற வேலை வேண்டாம்.

சந்தேகம் கேட்டு எழுதுகிறவர்கள் எந்த மாதத்தில் வாட்டம் தொடங்கியது, தொட்டியில் என்ன போட்டிருக்கிறது, வேர் எந்த நிறத்தில் இருக்கிறது என்ற மூன்றையும் மறவாமல் குறிப்பிடுங்கள். அடுத்த இதழில், தொட்டியில் வைத்த கறிவேப்பிலை ஏன் வெளுக்கிறது என்று பார்ப்போம்.