ராத்தா மறுத்த சீருடை



சென்ற மாதம் வண்ணாத்திவில்லுப் பக்கம் வீடு வீடாகப் போனபோது ஒரு வீட்டில் தாயும் மகளும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். மகளுக்குப் பதின்மூன்று வயது. பாடசாலையில் பெண் சாரணியர் அணியில் சேர ஆசை. அதற்குச் சீருடை தைக்க வேண்டும். உம்மா முடியாது என்றுவிட்டார். காசுதான் பிரச்சினை என்று நினைத்தேன். கஜு உடைக்கும் கூலியிலும் அண்டை வீட்டாருக்குச் சட்டை தைத்துக் கொடுப்பதிலும் ஓடுகிற குடும்பம் அது.

"காசுக்காண்டி இல்ல மிஸ். அத எப்பிடியும் பொரட்டலாம். யூனிபோம் போட்டவங்க வந்து எங்கள ஊர விட்டுப் போகச் சொன்ன நாள நான் மறக்கல்ல" என்றார் ராத்தா.

1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வந்தபோது அவருக்கு ஏறத்தாழ இந்த மகளின் வயது. விடுதலைப் புலிகள் அப்போது வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். பிறகு சோதனைச் சாவடிகளில் அவர் வேறு நிறச் சீருடைகளையும் கண்டார். வன்னியிலிருந்து இதை வாசிக்கும் சில தாய்மாருக்கு, பிள்ளையைக் கடைசியாகக் கண்டதே வரிச்சீருடையில்தான். ஆகவே ராத்தாவின் பயத்தை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவருடைய சந்தேகத்தில் நியாயமும் உண்டு. 1907இல் பிரவுன்சீ தீவில் சிறுவர்களைக் கூட்டிப் பாசறை நடத்திச் சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவல் ஒரு பிரித்தானிய இராணுவ அதிகாரி. சாரணர் உடையின் சாயல், தென்னாபிரிக்காவில் அவர் உருவாக்கிய பொலிஸ் படையின் உடையிலிருந்து வந்தது. சீருடை மனிதரை ஒரே அச்சில் வார்க்கிறது என்று பல்கலைக்கழகத்தில் நானும் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கியவள்தான்.

ஆனால் பெண்பிள்ளைகளின் சாரணியம் தொடங்கிய விதம் வேறு. 1909 செப்டெம்பரில் லண்டன் கிறிஸ்டல் பலஸில் ஆண் சாரணர்கள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். அங்கே கொஞ்சம் சிறுமிகளும் தாங்களாகவே தேடிக்கொண்ட தொப்பியும் உடையுமாக வந்து நின்றார்கள். பெண் என்று தெரியாமலிருக்க முதலெழுத்தை மட்டும் எழுதிப் பெயர் பதிந்திருந்தவர்களும் உண்டு. யாரும் அவர்களை அழைக்கவில்லை. உடையை முதலில் போட்டார்கள். அனுமதி பிறகு வந்தது. 1910இல் பேடன் பவலின் சகோதரி அக்னஸின் பொறுப்பில் பெண்களுக்கெனத் தனி இயக்கம் உருவானது. இலங்கையில் அது 1917இல் கண்டி மகளிர் உயர்தரப் பாடசாலையில் தொடங்கியது.

இன்னொரு கதையையும் ராத்தாவுக்குச் சொன்னேன். தையல் தெரிந்தவர் என்பதால் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுக் கேட்டார். 1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தபின் பெண்களையும் பிள்ளைகளையும் சாங்கி சிறையில் அடைத்தார்கள். அங்கே எலிசபெத் என்னிஸ் என்ற தாதி, எட்டு முதல் பதினாறு வயதுவரையான சிறுமிகள் சுமார் இருபது பேரை வாரம் ஒருமுறை முற்றத்தின் மூலையில் கூட்டிச் சாரணியம் நடத்தினார். சீருடைக்கு எங்கே போவது? உடுத்த துணியே கிழிந்துகொண்டிருந்தது. அந்தக் கிழிசல்களைச் சிறு சிறு அறுகோணங்களாக வெட்டி, பழைய துணியிலிருந்தே நூலை உருவி, அவருடைய பிறந்தநாளுக்கென இரகசியமாக ஒரு போர்வை தைத்தார்கள். தங்கள் பெயர்களையும் அதில் தைத்தார்கள். அது இன்று லண்டனிலுள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

"முகாமுக்குள்ளயா?" என்று இரண்டு தரம் கேட்டார் ராத்தா. முகாம் என்றால் என்னவென்று அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த உடை உலகம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பெண் சாரணியர் சல்வார் கமீஸ் அணிகிறார்கள். பிரித்தானியாவில் 2012இல் சாரா எலெனானி என்ற முஸ்லிம் வடிவமைப்பாளர், உடலை மறைத்து உடுத்த விரும்பும் பிள்ளைகளுக்காகச் சாரணர் உடையில் நீளமான வகைகளைச் செய்து கொடுத்தார். கழுத்துத்துண்டின் நிறம் பார்த்தே எந்த அணி என்று சொல்லிவிடலாம். கை முறிந்தவருக்குத் தூளி கட்டவும் அதே துண்டுதான். உலகப் பெண் சாரணியரின் மூவிலைச் சின்னம் நீலத்தில் பொன்னிறம். மூன்று இலைகளும் உறுதிமொழியின் மூன்று பகுதிகளைக் குறிப்பவை. அந்த உறுதிமொழியைப் பிள்ளை தன் வாயால் சொன்ன பிறகுதான் சின்னம் குத்துவார்கள். சட்டையில் ஏறும் ஒவ்வொரு வில்லையும் அவளே ஒரு வேலையைக் கற்றுப் பெற்றது. மாலையில் வீட்டுக்கு வந்து கழற்றிக் கொடியில் போடுகிற உடை இது. நாம் பயந்த சீருடைகளிலிருந்து இதைப் பிரித்துப் பார்க்க எனக்கு இது போதும்.

எனினும் தாய்மார் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும். அணிக்குப் பொறுப்பு எந்த ஆசிரியை? பாசறைக்குப் போனால் இரவில் யார் கூட இருப்பார்? திரும்பி வர என்ன ஏற்பாடு? செலவு பற்றியும் வெட்கப்படாமல் பேசுங்கள். மூத்த பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன சட்டை கிடைக்குமா என்று விசாரியுங்கள். பணமில்லாததால் பின்வரிசையில் நிறுத்தப்பட்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை மறுமுறை எதற்கும் கை உயர்த்தமாட்டாள்.

ராத்தா கடைசிவரை சரி என்று சொல்லவில்லை. "கை நீளமா வெச்சுத் தைக்கலாமா, அந்த டீச்சர் ஒத்துக்குவாங்களா?" என்று மட்டும் கேட்டார். கேட்டுப் பார்ப்போம் என்றேன். அளவு நாடாவை எடுத்து மகளைக் கூப்பிட்டுத் தோளில் வைத்தார். அடுத்த வருஷமும் போடுவதென்றால் அடியில் மூன்று அங்குலம் மடித்து விட வேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். வரும் வியாழக்கிழமை ஆசிரியையைப் பார்க்க மூவருமாகப் போகிறோம்.