வண்ணம் பொய்யன்று, மறைப்பதே பொய்!

சென்ற முறை நம் தமிழ் மன்றம் நடத்திய அறிவியல் கண்காட்சியில், வான்படங்கள் வைத்த மேசைக்கு நான் பொறுப்பாளன். ஹபிள் தொலைநோக்கி 1995இல் எடுத்த கழுகு நெபுலாவின் படத்தின் முன் கூட்டம் மொய்த்தது. ‘படைப்பின் தூண்கள்’ என்று உலகம் வியக்கும் படமல்லவா! “மேலே இப்படியேதான் தெரியுமா?” என்று கேட்டோர்க்கெல்லாம், “ஆம், இப்படியேதான்” என்று மார்தட்டிச் சொன்னேன்.

மாலையில் என் தந்தையார் வந்தார். மட்டாஞ்சேரி அச்சகமொன்றில் முப்பது ஆண்டுகள் வண்ண அச்சு ஓட்டியவர். படத்தை உற்று நோக்கினார். “ஏண்டா, இதில் எந்தப் பிளேட்டுக்கு எந்த மை போட்டிருக்கான்?” என்றார். நான் விழித்தேன். கல்லூரி வாசலை மிதியாதவர் கேட்ட கேள்விக்குப் பல்கலைக்கழக மாணவனிடம் விடையில்லை!

நண்பர்களே, அதுவே கேட்கத்தக்க கேள்வி. திருமண அழைப்பிதழில் பிள்ளையார் படம் அச்சிட நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு பிளேட்டுகள் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். மயிரிழை பிசகினாலும் பிள்ளையாருக்குத் துதிக்கை இரண்டு! வான்படமும் அவ்வாறே. ஆய்வுத் தொலைநோக்கியின் கேமராவுக்கு நிறம் தெரியாது. விழுந்த ஒளியின் அளவு மட்டுமே தெரியும். ஆகவே வடிகட்டிக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக முன்னிறுத்திக் கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுக்கிறார்கள். கருவியால் வந்த கறைகளை நீக்கி, விண்மீனை விண்மீன்மேல் பொருத்தி, சிவப்பு, பச்சை, நீலம் என ஆளுக்கொரு நிறம் அளித்து இணைக்கிறார்கள். 1861இல் மாக்ஸ்வெல் காட்டிய வழி இது. லடாக்கில் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் நம் இமாலயச் சந்திரா தொலைநோக்கியின் படங்களுக்கு நிறமூட்டவும் இதுவே வழி.

சரி, கழுகு நெபுலாவுக்கு இட்ட மை எது? கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம். ஆனால் ஹைட்ரஜனின் அந்த ஒளி 656 நானோமீட்டர், கந்தகத்தினுடையது 672. கண்ணுக்கு இரண்டும் சிவப்பே! பச்சை என்பது மனிதன் இட்ட சாயம்.

“அப்படியானால் பொய்!” என்று கூவாதீர்கள். இரண்டையும் சிவப்பாகவே விட்டிருந்தால், ஹைட்ரஜன் எங்கே, கந்தகம் எங்கே என்று எவர் பிரித்தறிவார்? கண் ஒன்றாகக் கலந்துவிடுவதை அந்தச் சாயமன்றோ பிரித்துக் காட்டுகிறது! அருகே சென்று பார்த்தாலும் அத்துணை மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் சரிவரத் தெரியாது. ‘உள்ளபடியே தெரியும் நிறம்’ என்று நான் விற்ற சரக்கு எவரிடமும் இல்லாத சரக்கு.

மட்டாஞ்சேரி அரண்மனையின் இராமாயணச் சுவரோவியங்களை எண்ணிப் பாருங்கள். கேரள ஓவிய மரபில் சாத்துவிக மாந்தர்க்குப் பச்சை மேனி. அயோத்தியில் பச்சை நிற மனிதர் உலவினர் என்றா ஓவியன் சொன்னான்? இல்லை. பச்சை பண்பின் குறி என்பது தீட்டியவனுக்கும் தெரியும், பார்ப்பவனுக்கும் தெரியும். ஆதலால் அங்கே ஏமாற்று இல்லை. என் மேசையிலோ குறியீட்டை நானும் அறியேன், வந்தவரும் அறியார். பொய் படத்தில் இல்லை. என் வாயில் இருந்தது!

விளக்கம் எழுதினால் அழகு குன்றும் என்கிறார் மன்றத் தோழர் ஒருவர். குன்றாது. பச்சை என்றால் ஹைட்ரஜன் என்று தெரிந்தபின் அந்தப் படத்தை நான் மீண்டும் பார்த்தேன். முன்பு அதில் அழகு மட்டும் கண்டேன். இப்போது அழகோடு பொருளும் கண்டேன்.

அடுத்த கண்காட்சியில் ஒவ்வொரு வான்படத்தின் கீழும் ஒரு வரி இருக்கட்டும்: எந்த வடிகட்டி, எந்த நிறம். வீட்டில் வரவுசெலவுக் கணக்கைப் போல் அறிவியலிலும் வண்ணத்துக்குக் கணக்கு வேண்டும். அந்த வரிகளை எழுதும் வேலையை நானே ஏற்கிறேன். தந்தையார் மறுபடியும் வருவார். இம்முறை நான் விழிக்க மாட்டேன்.